விலையைச் சத்தமாகச் சொல்லு!

நைரோபியின் ங்கோங் சாலை. மட்டாட்டு வேன்கள் பாட்டை அலறவிட்டபடி ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கின்றன. மக்காச்சோளம் சுடும் அடுப்பைத் தாண்டி, ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சந்தில் நுழைந்தால் ஓர் இரும்புப் படிக்கட்டு. மாடியில் இருப்பது இளம்பெண்களுக்குக் கணினி கற்றுத்தரும் பயிற்சிக்கூடம். இன்று மாலை இங்கே படித்த பெண்கள், தாங்கள் உருவாக்கிய செயலிகளை முதலீட்டாளர்கள் முன்னால் மேடையேறி விளக்கப்போகிறார்கள். அழைப்பிதழ் வைத்திருப்பவர்கள் மாலையில் முன்வாசல் வழியாக வருவார்கள். நமக்கோ காலையிலேயே பின்வாசல் திறந்துவிட்டது! கொஞ்சம் வேகமாக ஏறுங்கள், ஒத்திகை தொடங்கிவிட்டது.

கதவைத் தள்ளியதும் முதலில் எதிர்ப்படுவது ஒயர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் மூன்றாவதாக ஒன்று, எல்லாவற்றிலும் சார்ஜர்கள். எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். மேஜையில் பாதி கடித்த மன்டாசி (எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி, ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்குகிறது), எண்ணெய்க் கறை படிந்த தாள்கள், தலைமுடியை நேராக்கும் கருவி, 'டி' எழுத்து பெயர்ந்துபோன ஒரு லேப்டாப். கல்யாண வீட்டுப் பின்கட்டில் விடிகாலையில் நிற்பது மாதிரி இருக்கிறது. எல்லோருக்கும் அவசரம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு, யாரோ ஒருவருக்கு ஊக்கு கிடைக்கவில்லை.

"கரிபு, கரிபு!" என்று வரவேற்று, கையில் டீயைத் திணித்துவிட்டு ஓடுகிறார் ஒரு பெண்மணி. மஞ்சள் தலைத்துணி, ஓட்டப்பந்தய ஷூ, காதிடுக்கில் பேனா. இவர் காலையில் தன் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஊழியர்களுக்கான சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். வழிகாட்டிகளாக வருகிற பெண்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தத் தொழில் தொடங்கி, இப்போது வாரத்தில் சில மணி நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. டீ உண்டு, மன்டாசி உண்டு, ஓயாத கேள்விகள் உண்டு.

பிள்ளைகள் யார்? கிபேரா, கவங்வாரே போன்ற நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நின்றவர்கள். அப்படி நின்றவர்கள்தான் இப்போது கூடத்தின் நடுவில், கைதட்டி, குதித்து, குரலைத் திறந்துவிடும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருத்தி வேண்டுமென்றே பேருந்து ஹாரன் மாதிரி கத்த, மொத்தக் கூடமும் சிரித்து விழுகிறது.

அந்த மூலையில் இருக்கும் அட்டைப்பெட்டியை எட்டிப் பாருங்கள். உள்ளே முழுக்க முழுக்கப் பட்டன் போன்கள்! செயலி உருவாக்கும் இடத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்டால், ஊதா நிறப் பின்னல் போட்ட ஒரு பெண் ஒன்றை எடுத்து, நட்சத்திரக் குறி, சில எண்கள், ஹாஷ் என்று தட்டிக் காட்டுகிறாள். சின்னத் திரையில் 1, 2, 3 என்று பட்டியல் விரிகிறது. இன்டர்நெட் தேவையில்லை. கென்யாவில் 2007-இல் எம்-பெசா வந்தபோது, வங்கிக் கணக்கே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் இப்படிப்பட்ட சாதாரண போனிலிருந்துதான் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். "என் பாட்டிகிட்ட இருக்கிற போன்ல ஓடலைன்னா அது செயலியே இல்லை. மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க" என்கிறாள். சொல்லிவிட்டு, பெட்டியைப் பாட்டியின் சொத்தைப் போலப் பத்திரமாக மூடி வைக்கிறாள்.

ஒத்திகை மேடை என்பது இரண்டு பெஞ்சுகளை ஒன்றுசேர்த்துப் போட்டதுதான். முதல் அணி ஏறுகிறது. இவர்களுடையது தண்ணீர்ச் செயலி. கிபேராவில் குழாய் இல்லாத வீடுகளுக்கு 20 லிட்டர் மஞ்சள் கேன்களில்தான் தண்ணீர். எந்த இடத்தில் இப்போது தண்ணீர் வருகிறது, கேன் என்ன விலை என்று தெரியாமல், காலிக் கேனோடு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அலைகிறார்கள். தட்டுப்பாடு வந்தால் விலையும் தாறுமாறாக ஏறும். இந்தப் பெண்கள் தண்ணீர் விற்பவர்களைச் சேர்த்து, போனிலேயே அந்தத் தகவலைத் தரப்போகிறார்கள். ஊதாப் பின்னல்காரிதான் பேசுகிறாள். அம்மாவின் முதுகுவலி, பள்ளிக்குத் தாமதமாகப் போன நாட்கள் என்று அருவியாகக் கொட்டுகிறாள். கேட்கிற நமக்கே புல்லரிக்கிறது.

கடைசியில், "தண்ணி விக்கிறவங்ககிட்ட மாசத்துக்கு..." என்று ஆரம்பித்தவள் குரலை விழுங்கிவிட்டாள்.

"நிறுத்து!" மஞ்சள் தலைத்துணி மேடம் பெஞ்சைத் தட்டுகிறார். "அம்மா கதை வாசல் வரைக்கும் கேட்டுச்சு. பணம் மட்டும் ஏன் உன் பல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது? எவ்வளவு?"

"300 ஷில்லிங், மேடம்."

"யாருக்கு? எனக்கா, உன் செருப்புக்கா? என்னைப் பாத்துச் சொல்லு."

"300 ஷில்லிங்!"

"இப்ப ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கேக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். கீழேயிருந்து யாரோ, "ரொம்ப அதிகம், குறைச்சுக் கொடு!" என்று பதில் கத்துகிறார். கூடம் வெடித்துச் சிரிக்கிறது. மேடமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு நம் பக்கம் குனிந்து, கிசுகிசுப்பாக ஒரு விஷயம் சொல்கிறார்: "கோடிங் எல்லாம் ஆறு மாசத்துல வந்துடும். தன் உழைப்புக்கு ஒரு விலையைச் சொல்லிட்டு, அதுக்கப்புறம் சிரிக்காம, மன்னிப்புக் கேக்காம நிக்கிறது இருக்கே, அதைக் கத்துக்கத்தான் எனக்கு வருஷங்கள் ஆச்சு. இவங்களுக்கு அவ்வளவு காலம் ஆகவிட மாட்டேன்."

நாளெல்லாம் இந்தக் கூடத்தில் நான் பார்த்ததும் அதைத்தான். இவர்கள் கற்றுத்தருவதில் பெரும்பங்கு கணினிக்கு வெளியேதான் இருக்கிறது.

பட்டென்று கரண்ட் போகிறது! புரொஜெக்டர் அணைந்து, மின்விசிறி முனகிக்கொண்டே நிற்கிறது. யாரும் பதறவில்லை. பத்துப் பன்னிரண்டு போன் டார்ச்சுகள் ஒரே நேரத்தில் மேடையை நோக்கித் திரும்புகின்றன. "படம் இல்லாமப் பேசு! சாயங்காலமும் போகலாம்ல?" என்று ஒரு குரல். அடுத்த அணி டார்ச் வெளிச்சத்தில், வியர்வை வழிய, சுவரில் விழும் தங்கள் பிரம்மாண்ட நிழல்களுக்கு முன்னால் நின்று பேசி முடிக்கிறது. படங்களை நம்பிப் பேசியபோது இருந்ததைவிடப் பிரமாதம்!

கரண்ட் போவதையே தொழிலாக மாற்றிய பெண்ணும் இந்த நாட்டுக்காரர்தான். ஜூலியானா ரொட்டிச். 2007 தேர்தலுக்குப் பிறகு நாடு கலவரத்தில் எரிந்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்களே குறுஞ்செய்தி அனுப்ப, அதை வரைபடத்தில் காட்டும் உஷாஹிடி என்ற தளத்தை 2008-இன் தொடக்கத்தில் ஒரு சிறு குழு சில நாட்களுக்குள் கட்டி எழுப்பியது. அதற்கான யோசனையை முதலில் எழுதியவர் ஓரி ஓகொல்லோ என்ற பெண் வழக்கறிஞர். நிறுவனர்களில் ஒருவர் ஜூலியானா. பிறகு 2013-இல் அவரும் நண்பர்களும், கரண்ட் போனாலும் மணிக்கணக்கில் இணையத்தைத் தாங்கிப் பிடிக்கிற பிரிக் என்ற கறுப்புப் பெட்டியை அறிமுகப்படுத்தினார்கள். "அவங்களுக்கு நம்ம ஊர் மின்சார வாரியம்தான் முதல் வழிகாட்டி" என்று இருட்டில் ஒருத்தி சொல்ல, டார்ச்சுகள் எல்லாம் சிரிப்பில் குலுங்குகின்றன.

சாப்பாட்டு நேரம். சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, வதக்கிய சுகுமா விக்கி கீரை. தட்டு போதாததால் இரண்டு பேருக்கு ஒரு தட்டு. லேப்டாப்களை மூடி மேலே துணி போட்டுவிட்டார்கள், குழம்பு தெறிக்கக் கூடாதே! இந்த நேரத்தில்தான் கதைகள் கிளம்பும், பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள்.

இதே ங்கோங் சாலையில் 2010-இல் ஐஹப் என்ற கூட்டுப் பணியிடம் திறந்தது. அங்கே புழங்கிய புரோகிராமர்களில் பெண்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேர் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து அதே ஆண்டில் தொடங்கியதுதான் அகிராசிக்ஸ். ஜூடித் ஓவிகர், லிண்டா கமாவ், மேரி கிதின்ஜி, ஏஞ்சலா ஒடுவோர் என்று அதை வளர்த்த பெயர்களை இங்கே எல்லோரும் மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். தங்களைப் போன்ற பெண்கள் இன்னும் வேண்டும் என்றால் தாங்களே உருவாக்க வேண்டியதுதான் என்று, வசதியில்லாத குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். ஜூடித், தச்சர், பிளம்பர் போன்ற தொழிலாளர்களுக்கு இணையத்தில் வேலை தேடித்தரும் ஜுவாகாலி என்ற நிறுவனத்தையும் நடத்தினார். ஏஞ்சலா பின்னாளில் உஷாஹிடிக்கே தலைமை ஏற்றார்.

"எம்-ஃபார்ம் கதையைச் சொல்லுங்க மேடம்!" ஏற்கெனவே பலமுறை கேட்ட கதைதான், தெரிகிறது. இருந்தாலும் கேட்கிறார்கள். அதுவும் 2010-தான். 48 மணி நேரத்தில் ஒரு தொழில் யோசனையை உருவாக்கிக் காட்டும் போட்டி. ஜமீலா அப்பாஸ், சூசன் ஓகுயா, லிண்டா குவம்போகா என்ற மூன்று இளம்பெண்கள் ஓர் அணி. சந்தையில் தன் விளைச்சலுக்கு என்ன விலை என்று விவசாயி ஒரு குறுஞ்செய்தியில் தெரிந்துகொண்டால் இடைத்தரகர் ஏமாற்ற முடியாது, அவ்வளவுதான் யோசனை. பரிசு 10,000 யூரோ அவர்களுக்கே! "48 மணி நேரமும் தூங்கலையா?" என்று ஒருத்தி வாயில் சப்பாத்தியோடு கேட்கிறாள். "தூக்கம் வந்தா முகத்துல தண்ணி அடிச்சுக்க வேண்டியதுதான். அதுக்கும் உங்க செயலியில கேன் எங்க கிடைக்கும்னு பாக்கணும்" என்கிறார் மேடம். தண்ணீர் அணி வெட்கத்தில் நெளிகிறது.

இன்னொரு கதை வந்தபோது மட்டும் சத்தம் தணிந்தது. ஏரிக்கரை ஊரான கிசுமுவில் ஐந்து பள்ளி மாணவிகள். பெண்ணுறுப்புச் சிதைப்பை கென்யா 2011-இலேயே சட்டத்தால் தடை செய்தாலும் சில சமூகங்களில் அது தொடர்ந்தது. அந்தக் கொடுமைக்கு ஆளான தோழி ஒருத்தி படிப்பையே நிறுத்தியதைப் பார்த்துத்தான் இவர்கள் கிளம்பினார்கள். ஆபத்தில் இருக்கும் சிறுமி ஒரு பொத்தானை அழுத்தினால் உதவி வருவதற்கான ஐ-கட் செயலியை உருவாக்கினார்கள். வழிகாட்டியாக நின்றவர், அந்த ஊரின் லேக்ஹப் மையத்தைச் சேர்ந்த டோர்கஸ் ஓவினோ. 2017-இல் மாணவிகளுக்கான டெக்னோவேஷன் போட்டியின் இறுதிச்சுற்றுக்காக அந்த ஐவரும் கலிஃபோர்னியா வரை போனார்கள். 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகாரோவ் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் அவர்கள் இடம்பெற்றார்கள். கதை முடிந்ததும் ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அவங்களும் ஸ்கூல் யூனிஃபார்ம்லதான் ஆரம்பிச்சாங்க" என்று தனக்கே சொல்லிக்கொள்கிறாள்.

கை கழுவப் போகிற வழியில் ஒரு சின்ன அறை. சத்தம் போடாதீர்கள், பூப்போட்ட லேசோ துணியை விரித்து ஒரு குழந்தை தூங்குகிறது. குழந்தையின் அம்மா இன்னொரு வழிகாட்டி. பள்ளிகளுக்குக் கட்டணக் கணக்கு மென்பொருள் விற்கிறார். மடியில் லேப்டாப், ஒரு கால் மெதுவாகக் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிறது, எதிரே தரையில் இரண்டு பெண்கள் தங்கள் வரவு செலவுக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "இதுல உங்க சம்பளம் எங்க?" என்று கிசுகிசுக்கிறார். இருவரும் விழிக்கிறார்கள். எழுதவே இல்லை! "ஆபீஸ் வாடகை எழுதியிருக்கீங்க, டேட்டா பேக் எழுதியிருக்கீங்க. நீங்க ரெண்டு பேரும் காத்தைக் குடிச்சா வாழப்போறீங்க?" குழந்தை அசைய, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது மறுபடி தூங்கிப்போக, பென்சில் சத்தமில்லாமல் ஒரு புதிய வரியைச் சேர்க்கிறது.

வெளியே அடுத்த கூத்து! ஒரு வழிகாட்டி எங்கிருந்தோ கழுத்து டையை மாட்டிக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, முதலீட்டாளர் வேஷத்தில் நடுநாயகமாக உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அதைத்தான் நான் ஆசை ஆசையாகப் புரட்டிப் பார்த்தேன். கடன் கேட்கப் போனபோதும், ஒப்பந்தம் பேசப் போனபோதும், தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை வழிகாட்டிகள் ஒவ்வொருவரும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு கையெழுத்து, வெவ்வேறு மை. 'உங்க பாஸ் எங்கே, அவர்கிட்டப் பேசலாமா?' 'இதை நிஜமா யார் உருவாக்கிக் கொடுத்தாங்க?' 'வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?' அந்த நோட்டிலிருந்துதான் இப்போது ஒவ்வொன்றாக வருகிறது.

"கல்யாணம் ஆயிட்டா கம்பெனியை யாரும்மா பாத்துப்பாங்க?"

மேடையில் நிற்பவள் ஒரு நொடி யோசிக்கிறாள். "சார், நீங்க கல்யாணம் ஆனவர்தானே? உங்க கம்பெனியை இப்ப யார் பாத்துக்கறாங்க?"

ஓவென்று கூச்சல். டை கட்டியவரே எழுந்து கைதட்டுகிறார். ஆனால் உட்கார்ந்ததும் திருத்தம் வருகிறது: "பதில் அருமை. சொன்ன கையோட ஒரு சின்னச் சிரிப்பு, உடனே உன் வாடிக்கையாளர் கணக்குக்குப் போயிடு. அவர் கேள்வியிலேயே நின்னுடாத. உன் நேரம் அஞ்சு நிமிஷம்தான்." அந்த ஒற்றைத் திருத்தத்துக்குப் பின்னால் எத்தனை வாசல்களில் அவர் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவமானமாகக் கிடைத்ததைப் பாடத்திட்டமாக்கி வைத்திருக்கும் இந்தப் பெண்கள் மீது எனக்கு மரியாதை பொங்குகிறது.

மணி நான்கு. கழிப்பறைக் கண்ணாடி முன்னால் தள்ளுமுள்ளு. உதட்டுச் சாயம் கை மாறுகிறது, ஊக்கு கிடைத்துவிட்டது, குதிகால் செருப்பு கடிப்பதாக ஒருத்தி புலம்புகிறாள். சுவர்க் கொக்கியில் ஒரு கருநீலக் கோட்டு தொங்குகிறது. சொந்தக் கோட்டு இல்லாதவர்களுக்கான பொதுக் கோட்டு, ஒவ்வொரு அணியிலும் பேசுகிறவள் மாட்டிக்கொண்டு போய் இறங்கியதும் அடுத்தவளிடம் கழற்றிக் கொடுப்பாள். ஊதாப் பின்னல்காரி அதன் உள்பையில் கையை விட்டுக் காட்டுகிறாள். மடித்த துண்டுச் சீட்டுகள்! முந்தைய பயிற்சி ஆண்டுகளில் இந்தக் கோட்டைப் போட்டவர்கள் விட்டுச் சென்றவை. 'முதல் வரி மறந்தா பேரைச் சொல்லு, மீதி வந்துடும்.' 'மூணாவது வரிசையில கண்ணாடி போட்டவர் முறைப்பார், அவர் எப்பவும் அப்படித்தான்.' 'தண்ணி குடிச்சுட்டு ஏறு.' படித்துவிட்டு, மூன்றையும் அதே பையில் திரும்ப வைக்கிறாள்.

விளக்குகள் எரிகின்றன, கூட்டம் நிரம்பிவிட்டது. மேடைக்குப் பக்கத்துக் கதவிடுக்கிலிருந்து நாம் பார்க்கலாம், தலையை மட்டும் வெளியே நீட்டாதீர்கள். முன்வரிசையில் மடிப்புக் கலையாத சட்டைகள், பின்வரிசையில் பள்ளிச் சீருடையில் சிறுமிகள், நடுவில் தங்கள் பெண்ணின் முறை எப்போது என்று கழுத்தை நீட்டும் அம்மாக்கள். நம்மவள் ஏறுகிறாள். அம்மாவின் முதுகுவலி, மஞ்சள் கேன், பட்டன் போன். கதவுக்கு இந்தப் பக்கம் மேடம் அவளோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. அந்த இடம் வருகிறது.

"மாசம் 300 ஷில்லிங்."

கணீரென்று! மேடம் என் முழங்கையைக் கிள்ளியே விட்டார். கண்ணாடி போட்ட மூன்றாவது வரிசைக்காரர், சீட்டில் எழுதியிருந்தபடியே, முறைக்கிறார். பிறகு குனிந்து எதையோ குறித்துக்கொள்கிறார். நாங்கள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் பின்னறை மறுபடி இரைச்சல். கட்டிப்பிடிப்பு, கண்ணீர், செல்ஃபி, மீதி மன்டாசிக்குச் சண்டை. முதலீட்டாளர் அட்டை கொடுத்தாரா, மறுபடி வரச் சொன்னாரா என்று ஆளாளுக்குக் கேள்வி. இதற்கிடையில் மேடம் ஒரு தாளோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். சனிக்கிழமை பள்ளிச் சிறுமிகளுக்கு நடக்கும் இலவச வகுப்பின் அட்டவணை. 'நடத்துபவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது. தாள் ஊதாப் பின்னல்காரி முன்னால் நீள்கிறது.

"நானா? மேடம், நான் இன்னிக்குத்தானே மேடை ஏறியிருக்கேன்!"

"அதனாலதான். எனக்கு அந்தப் பயம் எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. உனக்கு இன்னும் வயித்துல இருக்கு பாரு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள அந்தப் பிள்ளைங்ககிட்டப் போய் உக்காரு. அவங்களுக்கு என்னைவிட நீ நல்ல டீச்சர்."

வழிகாட்டி என்றால் எல்லாம் கரை கண்டவர் என்று நினைத்திருந்த எனக்கு, இந்தப் பதில் தித்தித்தது. ஒரு படி மேலே ஏறியவள் அந்தப் படியிலிருந்தே கையை நீட்டினால் போதும். நைரோபியின் ஒரு மாடியில் இத்தனை பெண்கள் இவ்வளவு வேகமாக மேலே வருவது அப்படித்தான்.

அவள் பேனாவை வாங்கிப் பெயரை எழுதிவிட்டாள். எழுதிய கையோடு தயங்கித் தயங்கி, "மேடம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ் காசு..." என்று இழுக்கிறாள்.

மேடம் காதைக் கையால் மடித்துக்கொள்கிறார். "என்னது? கேக்கலையே!"

அவள் நிமிர்ந்தாள். "போக 80, வர 80, மொத்தம் 160 ஷில்லிங்!"

பின்னறை மொத்தமும் கைதட்டுகிறது. மேடம் அங்கேயே போனை எடுத்து எம்-பெசாவில் 160 ஷில்லிங்கைத் தட்டிவிடுகிறார்.